கால்வாய்க் கரையில் ஒரு பேறுகால அறை

எதிர் வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். வீடு முழுவதும் பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டு, பின்பக்கத்து மதிலுக்கு மட்டும் சுண்ணாம்பு போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. காலையில் ஓர் ஆள் வந்து தகர டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். அது சீறிக் கொதித்து, ஆவி எங்கள் ஜன்னல் வழியே உள்ளே வந்தது. மருமகள் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

வெந்த சுண்ணாம்பு மணத்தை மூக்கைவிடத் தொண்டைதான் முதலில் கண்டுகொள்ளும். மயிலாப்பூரில் கால்வாய்க்கரை நெடுக ஒரு காலத்தில் அந்த மணம்தான். பழவேற்காட்டுப் பக்கமிருந்து, சுண்ணாம்புச் சூளைகளுக்குக் கிளிஞ்சல் ஏற்றிக்கொண்டு படகுகள் வரும். விறகும் வரும், உப்பும் வரும். ஒவ்வொரு படகிலும் பழுப்பேறிய ஒரு பெரிய பாய் கட்டியிருக்கும். காற்று விழுந்துவிட்டால் பாயைச் சுருட்டிவிட்டு, ஆட்கள் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துப் போவார்கள். சாந்தோமிலிருந்து லஸ் முனைக்கு டிராம் பிடிக்கப் போகும்போதெல்லாம் நான் பாலத்தில் நின்று அதை வேடிக்கை பார்ப்பேன். அப்படி நின்றே டிராமைத் தவறவிட்டிருக்கிறேன். டிராமும் இன்று இல்லை, அது வேறு கதை.

யுத்தம் முடிந்துவிட்டது, சுதந்திரம் இன்னும் வரவில்லை. அந்த இடைக்காலத்தில் நான் எங்கள் மாதா கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். அந்தக் கோடையில் கால்வாய்க்கரைக் குடிசைகள் ஒரு மத்தியானத்தில் எரிந்து சாம்பலாயின. அங்கே இருந்தவர்கள் தெருக் கூட்டுகிறவர்களும் படகுக் கூலிகளும். ஊரில் எந்தத் தெருவிலும் வாடகைக்குக்கூட வீடு கிடைக்காத ஜனங்கள். பெரிய மனிதர்கள் சிலர் நிவாரணக் குழு ஒன்று அமைத்து, அதே இடத்தில் ஓட்டு வீடுகள் கட்டித்தருவதாக ஒப்புக்கொண்டார்கள். சிமெண்டுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம், அதனால் எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும்தான்.

குழுவுக்காக வேலை பார்த்த எஞ்சினியர் ராகவன். மாட வீதிப் பக்கத்து வீடு, ஒல்லியான உடம்பு, எந்நேரமும் காதில் ஒரு பென்சில். சேரிக்குப் போய்விட்டு வந்தால் கொல்லைப்புறக் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று அவர் வீட்டில் உத்தரவு. அந்த வருஷம் முழுவதும் அவருக்கு ஜலதோஷம் விடவே இல்லை. அவர் எங்கள் தலைமை சிஸ்டரிடம் வந்து, பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார். சிஸ்டர் என்னை அனுப்பினார். நான் கெட்டிக்காரி என்று நினைத்து அனுப்பினார் என்று அன்று நம்பினேன். வகுப்பறையில் நான் ஓயாமல் பேசுவது பக்கத்து வகுப்புக்குக் கேட்டதுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது.

"நான் கேட்டா அவா தலையைக் குனிஞ்சுண்டு நிக்கறா," என்றார் ராகவன். "யார் இருக்கப்போறாளோ அவாகிட்ட கேக்காம நான் எப்படி வீடு போடறது? நீங்க கேட்டுச் சொல்லுங்கோ."

அந்தக் காலத்தில் அப்படி யோசித்த எஞ்சினியர் யாரையும் நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. பின்னால் கேள்விப்பட்டதும் சொற்பம்தான்.

முதல் நாள் வீட்டு வரைபடம் போட்ட நீல நிறத் தாள் ஒன்றை மண்ணில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தோம். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் டீச்சர் குரலில் விளக்கினேன். இது கூடம், இது அடுக்களை, இங்கே சாப்பாட்டு மேஜை போட்டுக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னேன். மேஜை என்றதும் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள்தான் ரங்கம்மா. ஏறக்குறைய என் வயது. தெருக் கூட்டுகிற வேலை. அவள் கணவன் ஏழுமலை படகில் கூலி. அவளுக்குப் பக்கத்தில் நின்ற கன்னியம்மா அந்தக் கரைக்கு மருத்துவச்சி. அங்கே பிறந்த பிள்ளைகளெல்லாம் அவள் கையில் விழுந்தவைதான்.

"வூடு கட்டச் சொல்லோ எங்களப் போயி கேக்கறீங்களே டீச்சரம்மா," என்றாள் கன்னியம்மா. "இன்னா தமாசா?"

தமாஷ் இல்லை என்று நம்பவைக்க ராகவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மறுநாள் காகிதத்தைக் கொண்டுவரவில்லை. ஒரு கூடைச் சுண்ணாம்புத் தூளைக் கொண்டுவந்து தரையிலேயே கோடு போட்டார். நிஜ அளவில் நிஜ வீடுகள், சுவர் மட்டும் இல்லை. உள்ளே போய் இருந்து பாருங்கள் என்றார். தயங்கித் தயங்கிப் போனார்கள். ரங்கம்மா ஒரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்து அடுப்பு மூட்டுவதுபோல் ஊதினாள். பிறகு எழுந்து, படுக்கிற மூலையில் போய்ப் படுத்தாள். கடல் காற்றில் புகையெல்லாம் முகத்துக்கு வரும் என்றாள். ராகவன் காலால் கோட்டை அழித்து அடுப்பை மாற்றினார்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அந்த வாரம் முழுவதும் அந்த ஜனங்கள் கோட்டு வீடுகளில் குடித்தனம் நடத்தினார்கள். கோட்டைத் தாண்ட மாட்டார்கள், சுற்றிப்போய் வாசல் வழியாகத்தான் நுழைவார்கள். ஏழுமலை ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டைக்கே போய்விட்டான். அவன் ஆடு இவன் 'சுவரை'த் தாண்டி 'வீட்டுக்குள்' வந்துவிட்டதாம். ஆட்டுக்கு எப்படித் தெரியும் சுவர் இருக்கிறதென்று? நானும் ராகவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பஞ்சாயத்து செய்தோம். தண்ணீர்க் குழாய் தெருப்பக்கம் வேண்டாம், நடுவில் வேண்டும் என்றார்கள். குளிக்கிற இடத்துக்கு ஆள் உயரச் சுவர் வேண்டும் என்றார்கள். அதுவரை அந்தப் பெண்கள் விடிவதற்கு முன் இருட்டில் குளித்து முடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அரை மைல் தூரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான்.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு கட்டடம் கட்டக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதில் என்ன கட்டலாம் என்று கேட்டோம். ஆண்கள் ஒரே குரலில் பஜனைக் கூடம் என்றார்கள். பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. நான் விடாமல் துளைத்தேன். கடைசியில் ரங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"புள்ள பெக்க ஒரு ரூமு வோணும்."

அவளுக்கு முதல் பிரசவம் ஐப்பசி மழையில். குடிசைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷா தேடிப் போன ஏழுமலை திரும்பி வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது. உலர்ந்த தரை என்று உள்ளங்கை அகலம் இல்லை. கன்னியம்மா பிள்ளையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டு விடியும்வரை நின்றாளாம். குளிர் விடவில்லை. பிள்ளை தங்கவில்லை. இதையெல்லாம் ரங்கம்மா அழாமல்தான் சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர்களில் பலருக்கும் அதே கதைதான். அப்போது அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள்.

அன்று மாலையே அறைக்குக் கோடு போட உட்கார்ந்தோம். எவ்வளவு நீளம் வேண்டும் என்று ராகவன் கேட்டார். கன்னியம்மா மணலில் மல்லாந்து படுத்தாள். பிரசவம் பார்க்கிறவள் கால் பக்கம் உட்கார இடம் வேண்டுமென்று ரங்கம்மாவை உட்கார வைத்தாள். தலைமாட்டில் கைபிடிக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னை உட்கார வைத்தாள். வெந்நீர் அடுப்புக்கு ஒரு மூலை, தண்ணீர் வெளியே ஓட ஒரு சாக்கடை. கல்யாணமாகாத ராகவனுக்குக் காது நுனிவரை சிவந்துவிட்டது. கால்வாயைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "ஜன்னல் எங்க வேணும்னு கேளுங்கோ," என்றார் என்னிடம். கன்னியம்மாவுக்கு ஜன்னலே வேண்டாம். பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்றாள். காற்று வராத அறையில் தாயும் பிள்ளையும் மூச்சு முட்டிப் போவார்கள், ஜன்னல் இல்லாமல் கட்டமாட்டேன் என்று ராகவன் கால்வாயிடம் சொன்னார். இரண்டு நாள் இழுபறி. நடுவில் என் பாடு திண்டாட்டம். கடைசியில் ஓட்டுக்குக் கீழே, ஆள் எட்டாத உயரத்தில், சிறு சிறு ஜன்னல்கள் என்று முடிவாயிற்று. காற்று மேலே வந்து மேலேயே போய்விடும். இருவருமே தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கும் ராகவனுக்கும் நடுவில் ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்களா? என் பேத்தியும் கேட்டாள். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு கோயில்கள் இருந்தன, அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மாலை ஐந்து மணிக் காற்றில் சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவில் நின்று அவர் "நீங்க என்ன நினைக்கறேள்?" என்று கேட்பார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவ்வளவுதான். அவ்வளவு போதாதா?

கட்டட வேலை தொடங்கியது. அந்த அறைதான் முதலில் எழுந்தது. மேட்டு நிலம், அஸ்திவாரமும் உயரம். சுவர் தலை உயரத்தைத் தாண்டிய சமயத்தில் குழுத் தலைவி அம்மாள் தியாகராய நகரிலிருந்து காரில் வந்தார். பட்டுப் புடவை, மூக்குக்கண்ணாடி, அளந்து பேசுகிற வாய். நல்ல மனுஷிதான். கட்டடம் எதற்கு என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. இந்த ஜனங்கள் படித்து முன்னேற வேண்டாமா, குடியிருப்பின் வாசலிலேயே யாராவது இப்படி ஓர் அறையைக் கட்டுவார்களா, இது வாசகசாலையாக இருக்கட்டும், ஜன்னல்களை இறக்கிப் பெரிதாக வையுங்கள் என்றார். படிக்கிற பிள்ளை முதலில் உயிரோடு பிறக்க வேண்டுமே என்று வாய்வரை வந்ததைச் சொல்லியேவிட்டேன். அவர் காரில் ஏறிவிட்டார். இரண்டு நாளில் சிஸ்டர் கூப்பிட்டுக் கண்டித்தார். குழு முடிவெடுக்கும்வரை அந்த அறை வேலையை நிறுத்தச் சொல்லி ராகவனுக்கும் உத்தரவு வந்தது. மற்ற வீடுகளின் வேலை நடந்தது, அந்த அறை மட்டும் கூரையில்லாமல் வாய் பிளந்து நின்றது. ஆண்கள் சிலருக்கு இதில் உள்ளூரத் திருப்திகூட. ரங்கம்மா மட்டும் தினமும் வேலை முடிந்து வரும்போது வயிற்றைத் தாங்கிக்கொண்டு அந்த வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போவாள். என்னிடம் அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாளாக விடாத மழை. பள்ளிக்கூடத்தை மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். எனக்கு மனசு கேட்காமல் குடையை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனேன். கால்வாய் கரையைத் தாண்டி ஏறிவிட்டது. தற்காலிகமாகப் போட்டிருந்த ஓலைக் கொட்டகைகளுக்குள் தண்ணீர். தண்ணீர் ஏறாத இடம் என்று பார்த்தால் அந்த அறையின் மேடைதான். கன்னியம்மா யாரையும் கேட்கவில்லை. வலி கண்ட ரங்கம்மாவை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தாள்.

மேலே கூரை இல்லை. மழை நேராக உள்ளே கொட்டுகிறது. ஏழுமலை கரையில் கட்டியிருந்த படகை நோக்கி ஓடினான். அவனும் இன்னும் சில படகுக்காரர்களும் பாயை அவிழ்த்து, நனைந்து கனத்த அந்தக் கித்தானைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். சுவர்களின் மேல் குறுக்கே இழுத்துப் போட்டார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. கட்ட ஆணியோ மரமோ இல்லை. ஆளுக்கொரு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அறைக்கு முதுகைக் காட்டி, சுற்றிலும் நின்றுவிட்டார்கள். பஜனைக் கூடம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு மூலைக் கயிற்றை ராகவன் பிடித்திருந்தார். காதில் பென்சில் அப்படியே இருந்தது.

என்னைத் தலைமாட்டில் உட்காரச் சொன்னாள் கன்னியம்மா, மணலில் கோடு போட்ட அன்று உட்கார்ந்த அதே இடத்தில். ரங்கம்மா என் கையைப் பிடித்தாள். கூட்டுமாறு பிடித்துக் காய்த்துப்போன கை. "டீச்சரம்மா, இது தங்குமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துவிட்டது. தங்கும் என்றேன், எனக்கென்ன தெரியும்.

வெளியே கார் நிற்கிற சத்தம் கேட்டது. வெள்ளச் சேதம் பார்க்கத் தலைவி அம்மாள் வந்திருக்கிறார். கயிற்றை விட்டால் பாய் பறந்துவிடும் என்பதால் ஒருவரும் நகரவில்லை, ஒருவரும் கும்பிடவும் இல்லை. ராகவன் இருந்த இடத்திலிருந்தே, உள்ளே பிரசவம் நடக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். டிரைவர் குடை பிடிக்க, அம்மாள் காருக்குத் திரும்பாமல் நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை வீறிட்டு அழுதபோது, பாய்க்கு வெளியே அத்தனை ஆண்களும் ஒன்றாக மூச்சு விட்டது எனக்கு உள்ளே கேட்டது. பெண் குழந்தை. தண்ணீர் ஏறாத தரையில், உலர்ந்த துணியில் அதைச் சுற்றினாள் கன்னியம்மா. அடுப்பு மூலையில் தணல் இருந்தது. வெந்நீர் சாக்கடை வழியாகச் சரியாக ஓடியது. அதைக்கூட நான் பார்த்தேன். கோடு போட்டவளுக்கு அந்தக் கர்வம் இருக்காதா?

நான் வெளியே வந்தபோது அம்மாள் என்னைப் பார்க்காமல் கால்வாயைப் பார்த்தபடி பேசினார்.

"எனக்கு முதல் பிரசவம் நெல்லு மூட்டை போடற ரூம்ல. மூட்டையெல்லாம் நனையாம இருந்துது. எனக்குத்தான் கிழிஞ்ச பாய்."

சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மழை விட்ட வாரத்தில் அந்த அறைக்கு ஓடு வந்து இறங்கியது. ஜன்னலை இறக்கச் சொல்லி யாரும் வரவில்லை.

அடுத்த கோடைக்குள் வீடுகள் முடிந்தன. ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது குழாயடியில் கொடி ஏற்றினார்கள். ரங்கம்மா பெண்ணுக்குக் கோமளா என்று பெயர் வைத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். ராகவனுக்கு வடக்கே ஏதோ அணைக்கட்டில் வேலை கிடைத்தது. ஊரைவிட்டுப் போவதற்கு முன் பள்ளி வாசலில் வந்து நின்று சொல்லிக்கொண்டு போனார். பேசினது நாலே வாக்கியம், அதில் மூன்று வானிலை பற்றி. நானும் கல்யாணமாகித் திருச்சிக்குப் போய்விட்டேன். லீவுக்கு வரும்போதெல்லாம் கால்வாய்க்கரைக்குப் போவேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தி அறைக்குள் இருப்பாள். ரங்கம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, யார் உள்ளே, எத்தனையாவது பிள்ளை என்று சொல்வாள். பிறகு ஆறிப்போன டீயோடு குழாயடியில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்போம். எனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ சிநேகிதிகள். ஆனாலும் ஒரு கஷ்டம் வந்தால் மனசு இன்றைக்கும் அந்தக் குழாயடிக்குத்தான் போகிறது.

பிறகு பக்கத்திலேயே நல்ல பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. நல்லதுதானே. அறை காலியாயிற்று. கொஞ்ச காலம் ரேஷன் கடை. அப்புறம் நிஜமாகவே வாசகசாலை, தலைவி அம்மாள் இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஒரு வருஷம் போனபோது ரங்கம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஓய்வு பெற்று ஊரோடு வந்து சேர்ந்தபோது, பறக்கும் ரயிலுக்காகக் கால்வாயில் தூண் எழும்பிக்கொண்டிருந்தது. கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன வருஷம் பேரனை அழைத்துக்கொண்டு கோமளாவைத் தேடிப் போனேன். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஐம்பது வயதுப் பெண், தாயின் கண் அப்படியே. நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அங்கே தண்ணீர் கீழே இருக்கிறது, துணி உலர்த்த இடமில்லை என்றெல்லாம் சொன்னாள். அப்புறம் கேட்டாள்:

"எங்கம்மா எப்பவும் சொல்லிகினே இருக்கும், நீ நாங்களே கட்டின ஆஸ்பத்திரில பொறந்தவள்னு. மேல கப்பல் பாயி கட்டி, ஊரே நின்னுச்சுன்னு சொல்லும். எங்க வூட்டுக்காரரு, கெயவி கத வுடுதுன்னு சிரிப்பாரு. நானும் கூட சிரிச்சிகீறேன். அது மெய்யாலுமா?"

மெய்தான் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். அந்த இடத்தை ஒரு தடவை காட்டச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து இருவருமாகப் போனோம். ரயில் நிலையத்துக்குக் கீழே ஒரே மாதிரியான தூண்கள் வரிசையாகப் போகின்றன. நடுவில் கறுப்பாகத் தேங்கிய தண்ணீர். படகு இல்லை, பாலத்தடியில் படித்துறை இல்லை, குழாயடி இல்லை, மேட்டு நிலம் எது பள்ளம் எது என்றே தெரியவில்லை. கோமளா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு தூணைக் காட்டி இங்கே என்றேன். கொஞ்சம் நடந்து, இல்லை, இன்னும் அந்தப் பக்கமாக இருக்கும் என்றேன்.